தப்பாய்ப் போன கணக்கைக் கொண்டு வாருங்கள்: பிசிகல் கெமிஸ்ட்ரி டியூஷன்

"ஃபார்முலா எல்லாம் தெரியும் சார், கணக்குதான் வரமாட்டேங்குது."

பிசிகல் கெமிஸ்ட்ரிக்கு, அதாவது வேதியியலின் கணக்குப் பகுதிக்கு, டியூஷன் தேடி வருகிற பிளஸ் டூ பையனும் சரி, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவியும் சரி, முதல் நாள் சொல்வது இதைத்தான். பொய்யில்லை. மின்கலத்தின் மின்னழுத்தத்தைச் செறிவிலிருந்து கணிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் எண்களைப் போட்டதும்தான் விடை எங்கேயோ போய் நிற்கும். உடனே வீட்டில், "பாடமே புரியல, மொதல்லேர்ந்து நடத்தச் சொல்லலாம்" என்று முடிவு கட்டுகிறார்கள். காசும் நேரமும் கரைவது அங்கேதான். முதலிலிருந்து நடத்தினால் தெரிந்த ஃபார்முலாவே இன்னொரு முறை பலகையில் ஏறும். இடறி விழுந்த இடம் அப்படியே கிடக்கும்.

எனவே முதல் வகுப்புக்குப் பாடப்புத்தகத்தைவிட முக்கியமாகக் கொண்டுபோக வேண்டியது, தப்பாய்ப் போன மூன்று கணக்குகள். அழித்துச் சுத்தமாக எழுதியவை வேண்டாம். ரஃப் நோட்டில் அடித்தல் திருத்தலோடு கிடப்பதே வேண்டும். பக்க ஓரத்துப் பெருக்கல் வகுத்தல்களும் தெரிய வேண்டும். புத்தகத்தில் உள்ள விடையைப் பக்கத்தில் எழுதி, எந்த வரி வரைக்கும் உங்களுக்கு நிச்சயம் என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர் அந்தக் கோட்டுக்குக் கீழே போவதற்கு முன் மேலே பார்ப்பார். தப்பு பெரும்பாலும் நிச்சயம் என்று நினைத்த வரியில்தான் இருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்க்கலாம். 298 கெல்வினிலிருந்து 308 கெல்வினுக்குப் போனால் வினையின் வேகம் இரட்டிப்பாகிறது, கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) என்ன? அர்ரீனியஸ் சமன்பாட்டின்படி 2.303, 8.314, 2-இன் மடக்கையான 0.3010 மூன்றையும் பெருக்கினால் 5.763. இரண்டு வெப்பநிலைகளையும் பெருக்கி, வித்தியாசமான 10-ஆல் வகுத்தால் 9178. இந்த இரண்டின் பெருக்கல் ஏறத்தாழ 52,900 ஜூல், அதாவது மோலுக்கு 52.9 கிலோஜூல்.

இதையே வினாத்தாளில் 25 டிகிரி, 35 டிகிரி செல்சியஸ் என்று கொடுத்தால் சிலர் அப்படியே போட்டுவிடுவார்கள். 25-ஐ 35-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 87.5, விடை 504 ஜூல். இந்தத் தப்பு கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. செல்சியஸில் கழித்தாலும் கெல்வினில் கழித்தாலும் வித்தியாசம் அதே 10. அந்த 10-ஐப் பார்த்ததும் மனது நிம்மதியாகிவிடும். பெருக்கல்தான் கெட்டுப்போயிருக்கும். "செல்சியஸை மாத்தணும்னு எத்தனை தடவை சொல்றது" என்று திட்டுவதால் இது போகாது. அந்த 504-ஐ அதே சமன்பாட்டில் திருப்பிப் போட்டு, 298-லிருந்து 308-க்கு வேகம் எவ்வளவு கூடுகிறது என்று மாணவரையே பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சதவீதம்கூடக் கூடாது. கேள்வியோ இரட்டிப்பாகிறது என்கிறது. தன் விடை தன் கேள்வியோடு சண்டை போடுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அடுத்த தடவை 273-ஐக் கூட்ட மறக்க மாட்டார்.

அடுத்தது மடக்கை அட்டவணை. பிளஸ் டூ வேதியியல் பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, அட்டவணைதான். அப்படியிருக்க, டியூஷனில் செல்போனைத் தட்டி விடை சொல்கிற ஆசிரியர் மாணவருக்குக் கெடுதல் செய்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கரைசலின் பிஎச் 2.87, ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்ன என்று கேட்டால், பாதிப் பேர் எதிர்மடக்கை அட்டவணையில் .87-ஐப் பார்த்து 7.413 என்று எடுத்து, பக்கத்தில் 10⁻³ போட்டோ 10⁻² போட்டோ முடித்துவிடுவார்கள். பிஎச் என்பது அந்தச் செறிவின் மடக்கைக்கு எதிர்க்குறி போட்டது, ஆகவே மைனஸ் 2.87-ஐ முதலில் மைனஸ் 3-உம் பிளஸ் 0.13-உமாகப் பிரிக்க வேண்டும். அட்டவணைக்கு நேர்க்குறி தசமம் மட்டும்தான் தெரியும். .13-க்கு 1.349, ஆகவே விடை 1.349 × 10⁻³. இந்தப் பிரித்தலை, அதாவது எதிர்க்குறி முழு எண்ணின் தலையில் 'பார்' என்ற கோடு போடுகிற வேலையை, இருபது எண்களுக்குத் தொடர்ந்து செய்ய வைத்தால் ஒரு மணி நேரம்தான் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அயனிச் சமநிலை, மின்வேதியியல், வினைவேகவியல் மூன்று பாடங்களுக்கும் உதவும். ஆனால் இது "கெமிஸ்ட்ரி" மாதிரி தெரியாததால் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

அலகுகள் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்பவர்கள் குறைவு. வாயு மாறிலிக்கு 8.314 என்றும் 0.0821 என்றும் இரண்டு மதிப்புகள் புழங்குகின்றன. முதலாவது ஜூலில், இரண்டாவது லிட்டர்-வளிமண்டலத்தில். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 101.3 வரும். ஒரு லிட்டர்-வளிமண்டலம் என்பது 101.3 ஜூல் என்பதைத்தான் அது சொல்கிறது. விடை நூறு மடங்கு போல விலகியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இவர்தான். உதாரணமாக, 18 கிராம் (0.1 மோல்) குளுக்கோஸைக் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால், 298 கெல்வினில் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் 0.1 × 0.0821 × 298, அதாவது 2.45 வளிமண்டலம். 8.314 போட்டால் 247.8 வரும். கிலோபாஸ்கல் என்று எழுதினால் அதுவும் சரியான விடையே. 247 வளிமண்டலம் என்று எழுதினால், கடலில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தை ஒரு சர்க்கரைத் தண்ணீருக்குக் கொடுத்ததாகிவிடும்.

கிப்ஸ் ஆற்றலில் இதே நோய்க்கு வேறு முகம். என்தால்பி கிலோஜூலில் இருக்கும், என்ட்ரோபி ஜூலில் இருக்கும். பனிக்கட்டி உருகும் என்தால்பி மோலுக்கு 6.01 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் மோலுக்கு, கெல்வினுக்கு 22.0 ஜூல். உருகும் வெப்பநிலையில் கிப்ஸ் ஆற்றல் மாற்றம் பூஜ்யம், எனவே 6010-ஐ 22-ஆல் வகுத்தால் 273 கெல்வின் பளிச்சென்று வந்து நிற்கும். 6.01-ஐ வகுத்தால் 0.27 கெல்வின். பனி எங்கே உருகும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால், புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்ல சோதனைக் கணக்கு கிடையாது.

வெப்ப இயக்கவியலில் குறிகளால் வரும் குழப்பத்துக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் அக ஆற்றல் மாற்றத்தை, வெப்பத்திலிருந்து வேலையைக் கழித்து எழுதுகிறது. அங்கே வேலை என்பது அமைப்பு செய்த வேலை. வேதியியல் புத்தகம் வெப்பத்தோடு வேலையைக் கூட்டுகிறது. இங்கே அது அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலை. இரண்டும் சரி, ஒரே வாரத்தில் இரண்டையும் படிக்கிற பிள்ளைதான் பாவம். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வெவ்வேறு டியூஷன் போகிறவர்கள் இரண்டு ஆசிரியர்களிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும். கணக்கின் முதல் வரியிலேயே "வேலை: அமைப்பின் மீது, நேர்க்குறி" என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஆரம்பிப்பதும் நல்ல பழக்கம். வாயு விரிந்தால் அந்த வேலை எதிர்க்குறி, அமுங்கினால் நேர்க்குறி.

இதே பாடத்தில் மீள் விரிவையும் (சமநிலை குலையாமல் மெல்ல மெல்ல விரிவது) மீளா விரிவையும் விளக்கமாக மட்டும் கேட்டால் தலையில் நிற்காது, இரண்டையும் எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மோல் நல்லியல்பு வாயு 298 கெல்வினில் 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு மீள்முறையில் விரிந்தால் 1717 ஜூல் வேலை செய்யும். கடைசி அழுத்தத்துக்கு எதிராக ஒரே மூச்சில் விரிந்தால் 1239 ஜூல்தான். "மீள்முறையில்தான் பெரும வேலை" என்ற வாக்கியத்துக்கு 478 ஜூல் எடை இருப்பது அப்போது தெரியும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கென்றே மின்வேதியியல் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. ஆனோடுக்கு நாம் வைத்த பெயர் நேர்மின்முனை. மின்னாற்பகுப்பில் பொருந்துகிற பெயர்தான், ஏனென்றால் அங்கே ஆனோடு பேட்டரியின் நேர் முனையோடு இணைந்திருக்கிறது. கால்வானிக் மின்கலத்துக்கு வந்தால் ஆனோடின் குறி எதிர்க்குறி. "நேர்மின்முனை எதிர்க்குறி கொண்டது" என்று படிக்கிற பிள்ளை புத்தகத்தில் அச்சுப்பிழை என்று நினைப்பதில் வியப்பில்லை. இதற்கு ஒரே வழி, குறியை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்வது: எந்த மின்கலமானாலும் ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறும்போதும் இந்தப் பிடி கைவிடாது.

நெர்ன்ஸ்ட் கணக்கில் மேலே கீழே மாற்றிப் போடுவது அன்றாடத் தப்பு. துத்தநாகமும் தாமிரமும் கொண்ட டேனியல் மின்கலத்தில் துத்தநாக அயனி 0.1 மோலார், தாமிர அயனி 0.01 மோலார் என்று வைத்துக்கொள்வோம். திட்ட மதிப்பு 1.10 வோல்ட். செறிவுகளின் விகிதம் 10, மடக்கை 1, 0.0591-ஐ 2-ஆல் வகுத்தால் 0.0295. விடை 1.07 வோல்ட். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் 1.13. எது சரி என்று கணக்கு போடாமலே சொல்லலாம்: விளைபொருளான துத்தநாக அயனி அதிகம், வினைபடுபொருளான தாமிர அயனி குறைவு, வினைக்கு உந்துதல் குறைந்துவிட்டது, எனவே 1.10-க்குக் கீழேதான் வர வேண்டும். நல்ல ஆசிரியர் பேனாவைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்பார்: "கூடுமா, குறையுமா?" இதைக் கேட்கிறாரா என்று முதல் வகுப்பிலேயே கவனியுங்கள்.

ஆசிரியரை எடைபோட இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் என்ன? 8 இல்லை என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவுதான் நீர்க்கச் செய்தாலும் அமிலம் காரமாகாது. "தண்ணீரிலிருந்து வரும் 10⁻⁷-ஐக் கூட்டணும், 1.1 × 10⁻⁷, ஆக 6.96" என்பவர் பாதித் தூரம் வந்துவிட்டார். அமிலத்தால் நீரின் பிரிகையும் கொஞ்சம் அடங்குகிறது என்று இருபடிச் சமன்பாடு போட்டு 1.05 × 10⁻⁷, 6.98 என்று முடிப்பவர், அத்தோடு "பரீட்சைக்கு 6.96-உம் போதும், ஆனா ஏன் வித்தியாசம்னு தெரிஞ்சுக்கோ" என்றும் சொல்பவரானால், விடாதீர்கள்.

தோராயங்கள் எப்போது செல்லும் என்பது அயனிச் சமநிலையின் உயிர். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு (பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵) வர்க்கமூலக் குறுக்குவழி (மாறிலியையும் செறிவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது) 1.34 × 10⁻³ தரும், பிஎச் 2.87. பிரிந்தது ஒரு சதவீதச் சொச்சம், எனவே குறுக்குவழி செல்லும். அதையே 0.0001 மோலாராக நீர்க்கச் செய்தால் குறுக்குவழி 42 சதவீதம் பிரிந்ததாகச் சொல்லும். அவ்வளவு பிரிந்த பிறகு "பிரியாமல் மிச்சமிருப்பது ஏறத்தாழ மொத்தமும்" என்ற அனுமானம் எப்படி நிற்கும்? இருபடிச் சமன்பாட்டைப் போட்டால் 34 சதவீதம், பிஎச் 4.37-க்குப் பதில் 4.46. விடை 5 சதவீதத்தைத் தாண்டினால் குறுக்குவழியைத் தூக்கி எறி என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பி.எஸ்சி. மாணவர்களின் சிக்கல் வேறு ரகம். அவர்களில் பலர் கெமிஸ்ட்ரியில் தடுமாறுவதாக நினைத்துக்கொண்டு கணக்கில் தடுமாறுகிறார்கள். வெப்ப இயக்கவியலின் மேக்ஸ்வெல் தொடர்புகள் புரியவில்லை என்றால் பகுதி வகையிடல் வராது என்று அர்த்தம். முதல் வகை வினையின் சமன்பாட்டைத் தருவிக்க வரவில்லை என்றால் 1/x-ஐத் தொகையிடத் தெரியாது என்று அர்த்தம். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காமல் உயிரியல் பக்கம் இருந்து வந்தவர்கள் இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறைக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று வகுப்புகளை மடக்கை, நேர்க்கோட்டுச் சமன்பாடு, எளிய வகையிடல், தொகையிடல் இவற்றுக்கே ஒதுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் மேத்ஸ் டியூஷன்ல பாத்துக்க" என்கிற ஆசிரியரிடம் பிசிகல் கெமிஸ்ட்ரி படித்துப் பயனில்லை.

செய்முறை வகுப்புக்கு யாரும் டியூஷன் கேட்பதில்லை. கேட்கலாம். மெத்தில் அசிட்டேட்டை அமிலத்தில் நீராற்பகுக்கும் சோதனை பல கல்லூரிகளில் உண்டு: 100 மி.லி. 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மி.லி. எஸ்டரைச் சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. எடுத்து, பனிக்கட்டி போட்ட நீரில் விட்டு, பினாப்தலீன் சேர்த்து சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பது. இதில் 0.1 நார்மல் காரத்தைப் பியூரெட்டில் ஊற்றிக்கொண்டு நிற்பவர்களுக்குக் கடைசி அளவு முடிவதற்குள் காரம் தீர்ந்துபோகும். ஏன் என்று கணக்குப் போடலாம். எடுக்கும் 5 மி.லியில் இருக்கும் கனிம அமிலத்துக்கே சுமார் 24 மி.லி. காரம் செலவாகும். எஸ்டர் முழுக்க உடைந்தால் வரும் அசிட்டிக் அமிலத்துக்கு இன்னும் 30 மி.லி. பக்கம் வேண்டும். மொத்தம் 50-ஐத் தாண்டிவிடும், பியூரெட்டோ 50 மி.லி. 0.2 நார்மல் காரம் எடுத்தால் 12-இல் தொடங்கி 27-இல் முடியும், ஒரே நிரப்பலில் வேலை முடிந்தது.

பனிக்கட்டி நீர் சடங்கு இல்லை. தரம்பார்க்கும் அந்த ஓரிரு நிமிடமும் வினை ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் குளிர்விப்பதும் நீர்க்கச் செய்வதும். முடிவிலா நேர அளவுக்காக (வினை முழுக்க முடிந்த பிறகு எடுக்கும் கடைசி அளவு) கலவையைச் சூடுபடுத்துபவர்கள் குடுவையைத் திறந்து வைத்தால் எஸ்டர் ஆவியாகிப் போய்விடும், ஏனென்றால் மெத்தில் அசிட்டேட் 57 டிகிரியிலேயே கொதித்துவிடும். முடிவிலா அளவு குறைந்தால் கடைசிப் புள்ளிகள் கோட்டிலிருந்து கீழே வளைந்து, வேக மாறிலி நேரம் ஆக ஆக ஏறுவது போலத் தெரியும். அட்டவணையில் மாறிலி ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் முதலில் அந்தக் கடைசி அளவைச் சந்தேகியுங்கள். முன்னும் பின்னுமாகத் தாறுமாறாக இருந்தால் பிப்பெட்டையும் கடிகாரத்தையும் பாருங்கள். சாய்வு எடுக்கும்போது சோதனைப் புள்ளிகளிலிருந்து எடுக்காமல், வரைந்த கோட்டின் மீது ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரண்டு இடங்களை எடுக்க வேண்டும்.

ஆன்லைனில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகம் தெரிவதால் ஒரு பயனும் இல்லை, நோட்டு தெரிய வேண்டும். போனை நோட்டுக்கு மேலே ஓர் அடி உயரத்தில், புத்தக அடுக்கிலோ ஸ்டாண்டிலோ கீழ்நோக்கி வையுங்கள். வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் கை நிழல் எழுத்தில் விழாது. வாட்ஸ்அப்பில் சந்தேகம் அனுப்பும்போது வினாவை மட்டும் படம் பிடித்து "சார் இது எப்படி" என்று போட்டால் தீர்த்த விடைதான் திரும்பி வரும், அது உங்களுக்கு உதவாது. வினா, உங்கள் முயற்சி, புத்தக விடை மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். "மூணாவது வரியில 2.303 எதுக்குப் போட்டேன்னே தெரியல" என்ற மாதிரி ஒரு வரி கூடவே இருந்தால் பதில் ஐந்து நிமிடத்தில் முடியும்.

குழுவாகப் படிப்பதா, தனியாகவா என்று கேட்பார்கள். பாடம் கேட்க எத்தனை பேர் இருந்தாலும் சரி. கணக்குப் போட நான்கைந்து பேருக்கு மேல் போனால் யார் எந்த வரியில் விழுகிறார் என்று ஆசிரியரால் பார்க்க முடியாது. விரிவுரை மட்டும் வேண்டும் என்றால் அதற்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. ஐஐடி ஆசிரியர்களின் என்பிடெல் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. டியூஷன் கட்டணம் என்பது உங்கள் நோட்டை ஒருவர் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கான கூலி. ஒரு மணி நேர வகுப்பில் பேனா யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கவனியுங்கள். நாற்பது நிமிடம் ஆசிரியர் கையில் இருந்தால் அதை இலவச வீடியோவிலேயே பார்த்திருக்கலாம்.

எப்போது நிறுத்துவது? ஒரு பாடத்தில் புதிதாகப் பத்துக் கணக்கு கொடுத்து, விடைகளை மறைத்து, எவை தப்பாக இருக்கும் என்று மாணவரையே குறிக்கச் சொல்லுங்கள். பத்தும் சரியாக வர வேண்டும் என்பதில்லை. தப்பானவற்றை அவரே சரியாகக் குறித்துவிட்டால் அந்தப் பாடத்துக்கு இனி டியூஷன் வேண்டாம், அடுத்த பாடத்துக்குப் போகலாம். குறிக்க முடியாமல் ஏழெட்டு சரியாகப் போட்டவர் இன்னும் இரண்டு வாரம் வர வேண்டியிருக்கும்.